பொரிகடலை மாமாவுக்குப் படத்திறப்பு

இல்லை தம்பி, ஜன்னலோரம் நீங்களே இருங்கள். இந்தச் சாலையில் எனக்குப் பார்க்க ஒன்றும் பாக்கி இல்லை. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். அதில் பாதி போலீஸ் வேனில். போலீஸ் வேனில் ஜன்னலோரம் வேண்டும் என்றெல்லாம் கேட்க முடியாது.

என்ன, என் பேச்சு புத்தகம் மாதிரி இருக்கிறதா? என் மருமகளும் அதைத்தான் சொல்வாள். "மாமா, உப்பு வேணும்னா உப்பு வேணும்னு கேளுங்க, தீர்மானம் போடாதீங்க" என்பாள். என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு. மிச்சமெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. அப்புறம் வாழ்நாளெல்லாம் அச்சுக் கோத்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி வரிசையில் நிறுத்தினவனுக்கு வார்த்தையை மென்று விழுங்க வராது.

மெதுவாகப் போகிறானா? போகட்டும், போகட்டும். எனக்கு அவசரமே இல்லை. நாலு மணிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு படத்திறப்பு. நான்தான் படத்தைத் திறக்க வேண்டுமாம். நான் போய்ச் சேர்வதற்குள் வேறு யாராவது திறந்துவிட்டால் ரொம்ப நல்லது. அந்த ஆள் படத்தை என் கையால் திறப்பதா? மாட்டுத்தாவணியில் ஏறினதிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன்.

யாரா? கோமதிநாயகம். தெரியாதா? சரி, பொரிகடலை மாமா என்றால்?

பார்த்தீர்களா! உடனே முகம் மாறுகிறது. எல்லாருக்கும் இப்படித்தான். வங்கி மேனேஜராக இருப்பான், வழுக்கை விழுந்திருக்கும், அந்தப் பெயரைக் கேட்டதும் அரைக்கால் சட்டை போட்ட மாதிரி ஆகிவிடுவான். எண்பது வயதுவரை ஒரு மனுஷர் பொரிகடலை மாமா என்ற பெயரில் ஊருக்குள் நடமாடியிருக்கிறார். ஒரு போலீஸ்காரன் கூப்பிட்டு விசாரித்ததில்லை. நான் 'தோழர் மாசானமுத்து' என்று பெயர் போட்டு ஒரு வரி எழுதினால் வாசலில் ஜீப் வந்து நிற்கும்.

போன வாரம் அவருடைய மகள் மரகதம் போன் செய்தாள். "மாமா, அப்பா கடைசியா ஒரே ஒரு ஆசைதான் சொன்னாங்க. படத்த மாசானம்தான் திறக்கணும். திறக்கும்போது ஒரு தடவ தோழர்னு சொல்லணும். வேற ஒண்ணும் பேசவேண்டாம்னாங்க."

வேறு ஒன்றும் பேசவேண்டாமாம். எனக்கு! ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும்படி பேசினவன் நான்.

படத்தைத் திறப்பதுகூடப் பெரிய விஷயமில்லை. ஒரு துணி, இழுத்தால் விழுந்துவிடும். ஆனால் அந்தச் சொல்? அதை நான்தான் அவருக்குக் கொடுத்தேன், நான்தான் திரும்ப எடுத்தேன். ஆலை வாசலில், அத்தனை பேர் முன்னால் எடுத்தேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் செத்துப்போய்விட்டார் என்பதற்காகத் திருப்பிக் கொடுத்தால் கொள்கை என்ன ஆவது? நீங்களே சொல்லுங்கள். இல்லை, முதலில் முழுசாகக் கேளுங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

திருநெல்வேலியில் அப்போது 'தினக்கொடி' என்று ஒரு நாளிதழ். ஆலை என்றேனே, அந்த அச்சு ஆலைதான். நான் அங்கே அச்சுக் கோப்பவன், சங்கச் செயலாளர். அவர் நிருபர். நிருபர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர், சந்தையில் வத்தல் என்ன விலை, கோர்ட்டில் யாருக்கு எத்தனை மாதம், இவ்வளவுதான். சைக்கிளில் போய் விசாரித்து வருவார். சட்டைப் பையில் எப்போதும் பொரிகடலை இருக்கும். எழுதும்போது வாயில் போட்டுக்கொள்வார். அவர் எழுதிய தாளை நான் வாங்கினால் முதலில் உதறித்தான் படிக்க வேண்டும்.

ஒருநாள் பக்கம் மூடும் நேரம். ஒரு ஜவுளிக்கடைக்காரன் கடைசி நேரத்தில் விளம்பரத்தை நிறுத்திவிட்டான். பக்கத்தில் பெரிய ஓட்டை. நான் கத்தினேன்: "அண்ணாச்சி! கீழ ஆறு அங்குலம் காலியா கெடக்கு. எதையாவது குடுங்க!"

"அணைத் தண்ணியெல்லாம் குடுத்தாச்சே மாசானம்."

"அப்ப காக்கா குருவியப் பத்தி எழுதுங்க. ஓட்டை அடைபட்டாப் போதும்."

நின்றபடியே எழுதினார். கோர்ட்டுக் கூரையில் ஒரு காக்கா தினமும் உட்கார்ந்து இரண்டு பக்க வக்கீல் பேச்சையும் கேட்கிறது. கேட்டுக் கேட்டு அதுவும் வக்கீலாகிவிடுகிறது. காட்டுக்குத் திரும்பிப் போனால், வடைக்குக்கூட வாய்தா கேட்கிறது. சரியாக ஆறு அங்குலம். ஒரு வரி கூடவில்லை, குறையவில்லை.

அதுதான் ஆரம்பம். பிள்ளைகள் கடிதம் போட ஆரம்பித்தார்கள். முதலாளிக்கு மூக்கு நீளம். பிள்ளை அழுதால் அப்பன் பேப்பர் வாங்குவான் என்று கண்டுபிடித்தார். சனிக்கிழமைதோறும் ஒரு பக்கம் 'குட்டிக்கொடி' என்று வந்தது. ஆக, தமிழ்க் குழந்தைகளுக்குப் பொரிகடலை மாமாவைக் கொடுத்தது யார்? நான். இப்போது எத்தனை அஞ்சலிக் கட்டுரை வந்திருக்கிறது! 'அவருக்குள் இருந்த குழந்தை விழித்தது' என்று ஒருவன் எழுதியிருக்கிறான். எந்தக் குழந்தையும் விழிக்கவில்லை. நான் கத்தினேன்.

அவருக்கு ஒரு பழக்கம். எழுத உட்காருவதற்கு முன்னால் என் எழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். "இந்த வாரம் எத்தனை வரி, மாசானம்?" என்பார். நான் விளம்பரங்களைக் கூட்டிக் கழித்து ஒரு கணக்குச் சொல்வேன். அந்த வரிக்குள் சிங்கம் கர்ஜித்து, முயல் தப்பித்து, கல்யாணம் வரை முடிந்துவிடும். நான் அவரைத் திருத்தவும் பார்த்தேன். அது என் கடமை.

"அண்ணாச்சி, ஒங்க முயலு என்ன வேலை பாக்குது?"

"முயலு என்னவே வேலை பாக்கும்?"

"வேலை பாக்காதவன் எப்படிச் சாப்பிடுதான்? சுரண்டலா? எழுதினா மரக்கடையில தடி தூக்குற யானைய எழுதுங்க. கூலி உயர்வு கேக்குற யானை."

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "யானைன்னு சொன்னீரே, அது நல்லாருக்கு" என்று போய்விட்டார். அப்படித்தான் 'அப்பளம்' வந்தது. ஆமாம், அதே அப்பளம்தான். காட்டிலிருந்து டவுனைப் பார்க்க வந்த யானைக்குட்டி. என் யோசனையை எடுத்துக்கொண்டார், கூலி உயர்வை மட்டும் விட்டுவிட்டார். வாராவாரம் தொடர். ஜில்லா முழுக்க அப்பளம் பைத்தியம்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். ஒரு சனிக்கிழமைக் கதையில் அப்பளம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் விழுந்து, அந்த வாரமே வெளியே வந்துவிட வேண்டும். அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். பக்கம் மூடும் நேரத்தில் ஒரு பல்பொடி விளம்பரம் வந்து சேர்ந்தது. இடம் வேண்டும். நான் என்ன செய்வேன்? கடைசி இரண்டு பத்தியைத் தூக்கினேன். 'அப்பளம் கிணற்றுக்குள் விழுந்தது. தொடரும்' என்று முடித்தேன். தொழில் அது. தூக்கின பத்தியைக் கலைத்து எழுத்துகளைப் பெட்டியில் போட்டுவிட்டேன். அவர் எழுதிய தாளும் குப்பைக்குப் போய்விட்டது. 'போகட்டும், அடுத்த வாரம் புதுசா எழுதிக்கிடுதேன்' என்றார்.

அந்தத் திங்கட்கிழமை வேலைநிறுத்தம் ஆரம்பம்.

இரவு வேலைக்குப் படி கேட்டோம். முதலாளி தர முடியாது என்றார். அச்சுக் கோப்பவர்கள், மிஷின்காரர்கள், பைண்டிங், எல்லாரும் வெளியே வந்தோம். வாசலுக்கு எதிரே பந்தல். நிருபர்கள் யாரும் வரவில்லை, அவர்களுக்குச் சங்கமும் கிடையாது. ஆனால் இந்த ஆள் சைக்கிளைப் பந்தலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு இது தேவையா? வீட்டுக்குப் போங்க."

"நீரு அச்சுக் கோக்காம எனக்குக் கதை வராது மாசானம். எத்தனை வரின்னு யாருட்ட கேக்க?"

அன்று மாலைக் கூட்டத்தில் நான் மேடையில் சொன்னேன்: "இன்றுமுதல் இவர் அண்ணாச்சி அல்ல. தோழர் கோமதிநாயகம்!" கை தட்டினார்கள். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவருக்குப் பிற்பாடு டெல்லியில் விருது கொடுத்தார்களே, அந்தப் படம் பேப்பரில் வந்தது, அதில்கூட அந்த முகம் இல்லை. மறுநாளிலிருந்து டீ வாங்கப் போனால்கூட "தோழருக்கு ஒரு டீ" என்று அவரே அவருக்குக் கேட்டுக்கொள்வார். நாங்கள் கேலி செய்வோம்.

மேனேஜர் குமாஸ்தாக்களை வைத்துப் பேப்பரைக் கொண்டுவந்தார். எழுத்துப் பிழையும் கோணல் வரியுமாக வந்தது. மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். அணை நீர்மட்டம் தப்பாக வந்தது, பொறுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை வந்தது. குட்டிக்கொடி இல்லை. அப்பளம் கிணற்றுக்குள் இருக்கிறது. அதைப் பொறுக்க முடியவில்லை, தம்பி!

தபால்காரர் நம்ம அனுதாபி. கட்டுக் கட்டாகப் போஸ்ட்கார்டு வரும். போஸ்ட்கார்டுதானே, ஒளிக்க என்ன இருக்கிறது? உள்ளே கொடுப்பதற்கு முன்னால் பந்தலில் நின்று வாசித்துக் காட்டுவார். 'கிணற்றில் தண்ணீர் ஊற்றவும். யானை மிதந்து வரும்.' 'என் அண்ணன் நீச்சல் கற்றவன், அனுப்பி வைக்கிறேன்.' சாத்தான்குளத்திலிருந்து ஒரு பிள்ளை உறைக்குள் கயிறு வைத்து அனுப்பியிருந்தது, நுனி வெளியே தொங்கியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று. ஊர்வலம் போனோம், முதலாளி அசையவில்லை. உண்ணாவிரதம் இருந்தோம், அசையவில்லை. யானைக்கு அசைகிறார்! உடனே முடிவெடுத்தேன். வேலைநிறுத்தம் முடியும்வரை யானை கிணற்றிலேயே இருக்கும். சுவரெல்லாம் எழுதினோம்: 'அப்பளம் வெளியே வரவேண்டுமா? முதலாளியைக் கேள்!' அந்த வாசகம் என்னுடையது. அதற்கும் எந்த விருதும் வரவில்லை.

மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? அவரே எழுதினார். 'யானைக்குட்டியானது நற்குணமும் கீழ்ப்படிதலும் உடையதாகையால் கிணற்றினின்றும் வெளிவந்தது.' ஒரே வாக்கியம்! மறுநாள் வந்த போஸ்ட்கார்டுகளைத் தபால்காரர் பந்தலில் வாசிக்கக் கூச்சப்பட்டார். பெண்கள் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்த வார்த்தையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

கடைசியில் முதலாளியே இவரைத் தேடி வீட்டுக்குப் போனார். உதவியாசிரியர் வேலை, சம்பளம் இரண்டு மடங்கு, ஒரு கதை மட்டும் கொடு என்றார். இவர் பொரிகடலையை நீட்டி, "எடுத்துக்கிடுங்க முதலாளி. இதுதான் இப்ப என்கிட்ட இருக்கு" என்றாராம். அதை நான் மறுக்கவில்லை. அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்.

தப்பு எங்கே வந்தது என்றால், எங்கள் வீட்டில் வந்தது. என் மகள் புரட்சிமணிக்கு அப்போது ஏழு வயது. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தான். அவன் கிணற்றில் இட்லி மிதக்கிறதாம். விசாரித்தால், என் மகள் தன் பங்கு இட்லியை அப்பளத்துக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இட்லி என்பதே தோழர்கள் யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான். அவள் மட்டும் இல்லை. டவுன் முழுக்க வாழைப்பழம், முறுக்கு, கரும்பு, எல்லாம் கிணற்றுக்குள் போகிறது. நகராட்சியில் புகார் வரை போய்விட்டது.

என் மனைவி பேச்சியம்மாள் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்தலுக்கே வந்துவிட்டாள். "அண்ணாச்சி! இந்தப் பாவிமட்டைதான் யானைய உள்ள போட்டு வச்சிருக்கு. நீங்களாவது எடுத்து விடுங்க. பிள்ள ரெண்டு நாளா சாப்பிடல."

அவர் என்னிடம் கெஞ்சினார். "தோழர், எழுத மாட்டேன். வாயாலதான். நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிருதேன்."

நான் சம்மதித்தேன். கல்நெஞ்சன் இல்லை நான். ஆனால் நிபந்தனை போட்டேன். யானை தனியாக வெளியே வரக்கூடாது. முதலாளி யாரும் காப்பாற்றக்கூடாது. உழைக்கும் மக்கள் ஒன்றுசேர்ந்து எடுக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பந்தலில் சொன்னார். கிணறு வெட்டுகிற ஆட்கள் வருகிறார்கள். கயிறு போட்டால் அறுகிறது. அப்புறம் கூடை கூடையாக மண்ணை உள்ளே கொட்டுகிறார்கள். யானை பயப்படுகிறது, என்னைப் புதைக்கிறார்களே என்று அழுகிறது. ஒரு கிழவி மேலேயிருந்து கத்துகிறாள், 'மிதிடா, மிதி! மண்ணு மேல விழுந்தா ஒதறிட்டு மிதி!' யானை மிதிக்கிறது. ஒரு கூடை, ஒரு மிதி. ஊரே வரிசையில் நிற்கிறது, கூடை கை மாறுகிறது. யானை விரல் விரலாக மேலே வருகிறது. முதலில் காது தெரிகிறது. பிறகு நெற்றி. எங்களைக் காவல் காக்க வந்த போலீஸ்காரர் ஒருவர் லத்தியை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டார். கோமதிநாயகம் ஒரு இடத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். "சார், நிறுத்தாதீங்க சார்" என்று அந்தப் போலீஸ்காரர்தான் கத்தினார்.

நான் பின்னால் நின்று கேட்டேன், நிபந்தனைப்படி சொல்கிறாரா என்று பார்க்க. ஒரு திருத்தம்கூட நான் சொல்லவில்லை என்று பேச்சி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். திருத்த வேண்டிய இடம் ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான்.

புரட்சிமணி அன்று சாப்பிட்டாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இதைவிட நல்ல பிரச்சாரம் உண்டா? ஒற்றுமை என்றால் என்ன என்று நான் எத்தனை கூட்டத்தில் தொண்டை வற்றப் பேசியிருக்கிறேன், ஒருத்தனுக்கும் ஏறவில்லை. இந்த யானை ஏற்றிவிட்டது! காலையில் டவுனில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகத்துக்குப் போனேன். எழுதிவைத்த தாள் எதுவும் கிடையாது. கேட்டதைக் கேட்டபடி ஒவ்வொரு எழுத்தாகக் கோத்தேன். தம்பி, என் கை அப்படி ஓடினதே இல்லை.

அவர் தேடிக்கொண்டு வந்துவிட்டார். "வேண்டாம் மாசானம். இது பேச்சாவே போகட்டும். அச்சுல ஏத்தாதேயும்."

"தோழர், கதை ஒங்களுக்குச் சொந்தமா? மக்களுக்குச் சொந்தம். இது எழுத்தாளன் கர்வம், விட்டுருங்க."

அவர் போகவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை அறியாமல் பழைய வழக்கத்தில் கேட்டேன், "ரெண்டு வரி கூடுது, எங்க கொறைக்க?" என்று. எங்கே குறைப்பது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

துண்டறிக்கை அருமையாக வந்தது. மேலே 'போராடும் அச்சுத் தொழிலாளரின் அறைகூவல்'. நடுவில் அப்பளம். கீழே கோரிக்கைகள். அடியில் எல்லாத் துண்டறிக்கையிலும் போடுகிற வரி: 'இதை யாரும் அச்சிட்டுப் பரப்பலாம்.' அது எங்கள் இயக்கத்தின் மரபு. பஸ் நிலையத்தில், ஜங்ஷனில், பள்ளிக்கூட வாசலில், எல்லா இடத்திலும் நானே நின்று கொடுத்தேன். மேனேஜரின் காருக்குள்ளேயும் ஒன்று வீசினேன். அவருக்கும் உறைக்கட்டும் என்று.

அந்தச் சனிக்கிழமை 'தினக்கொடி' வந்தது. குட்டிக்கொடி பக்கம் முழுக்க அப்பளம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை. 'பொரிகடலை மாமா எழுதுவது' என்று பெயர். கோரிக்கைகளை மட்டும் காணோம். பேப்பர் விடிவதற்குள் விற்றுத் தீர்ந்தது. போஸ்ட்கார்டு நின்றது. முதலாளி கோயிலில் பொங்கல் வைத்தார். யானை வெளியே வந்துவிட்டது, ஊர் எங்களை மறந்துவிட்டது. அடுத்த வாரம் நாங்கள் கேட்டதில் பாதிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனோம்.

உள்ளே போவதற்கு முன்னால் வாசலில் கூட்டம் போட்டேன். தோற்றுப்போன ஆட்கள் முன்னால் நிற்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தனும் உங்களையே பார்ப்பான். தோல்விக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்லாவிட்டால் சங்கமே கலைந்துபோகும். நான் கேட்டேன்: "இந்தக் கதை முதலாளி கைக்கு எப்படிப் போனது? தோழர் கோமதிநாயகம் பதில் சொல்ல வேண்டும்."

அவர் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "தெரியலியே மாசானம்" என்றார்.

தெரியவில்லையாம்! குற்றம் செய்தவன் வேறு என்ன சொல்வான்? "இந்த நிமிஷம்முதல் இவர் தோழர் அல்ல. கருங்காலி!" என்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பொரிகடலைப் பொட்டலத்தைப் பந்தலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒருவரும் அதைத் தொடவில்லை.

என்ன? துண்டறிக்கையிலிருந்து எடுத்திருப்பார்களா? எடுத்தார்கள்தான். அதில் என்ன சந்தேகம்? நான் கூட்டின ஒரு கமாகூட அப்படியே வந்திருந்தது. கேள்வி அதுவல்ல தம்பி. கதை யாருடையது? அவருடையது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் கேட்டிருப்பேனா? நான் கேட்காமல் இருந்திருந்தால் அச்சடித்திருப்பேனா? மூலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேச்சியும் உங்களை மாதிரிதான், அன்று ராத்திரியே, "அந்த நோட்டீசு யாரு போட்டா?" என்று கேட்டாள். இயக்க நடைமுறை தெரியாதவர்களோடு விவாதிக்க முடியாது.

அவர் 'தினக்கொடி'க்குத் திரும்பிப் போகவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே எழுத ஆரம்பித்தார். வாரப் பத்திரிகைகளில் எழுதினார், வானொலியில் பேசினார், புத்தகம் புத்தகமாகப் போட்டார். இதோ இந்தப் பக்கத்து ஊர்களில் விடிவதற்கு முன்னால் வேன் வைத்துத் தீப்பெட்டி ஆபீசு வேலைக்குப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போவார்களே, அந்த வேனில் ஏறி உட்கார்ந்துபோய் ஒரு தொடர் எழுதினார். 'தூங்கும் வண்டி' என்று தலைப்பு. அதை வைத்து நாங்கள் மாநாடே நடத்தினோம். அவரைக் கூப்பிடவில்லை. கருங்காலி எழுதினாலும் உண்மை உண்மையே என்று தீர்மானம் மட்டும் போட்டோம்.

ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் எனக்கு ஒன்று அனுப்புவார். உள்ளே 'தோழர் மாசானமுத்துவுக்கு' என்று கையெழுத்து. நான் ஒரு கார்டு போடுவேன்: 'ஐயா, நூல் கிடைத்தது.' அவ்வளவுதான். தோழர் கிடையாது, அண்ணாச்சியும் கிடையாது. ஐயா. ஒன்றையும் படித்ததில்லை. படிக்கமாட்டேன் என்று முடிவு. 'சைக்கிள் ஓட்டிய ஆந்தை'யில் பதினோராம் பக்கத்தில் ஒரு ஒற்றுப்பிழை இருக்கிறது, 'நண்டு நகராட்சி'யில் முடிவு கொஞ்சம் அவசரம், அது வேறு விஷயம்.

அப்பளம் கதையைப் புத்தகமாகப் போட்டபோதுதான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முதல் பக்கத்தில் சமர்ப்பணம் போட்டிருக்கிறார். 'யானையைக் கிணற்றில் தள்ளியவருக்கு, அன்புடன்' என்று! பாருங்கள் அக்கிரமத்தை. அந்தப் புத்தகத்துக்கு யானை கொடுத்தவன் நான். கிழவியை 'மிதிடா மிதி' என்று அச்சில் ஏற்றினவன் நான். சமர்ப்பணம் யாருக்கு? பல்பொடிக் கம்பெனிக்காரனுக்கு! ஒரு முதலாளிக்கு! இதைப் பேச்சியிடம் காட்டிக் கேட்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவளாலும் தாங்க முடியவில்லை.

இப்படிப்பட்டவரைத் தோழர் என்று சொல்லித் துணியை இழுக்க வேண்டுமாம். முடியாது. போவேன், கடைசி வரிசையில் உட்காருவேன், யார் திறக்கிறார்கள் என்று பார்ப்பேன், வந்துவிடுவேன்.

என்ன, வண்டி ஒதுங்குகிறது? கயத்தாறுகூடத் தாண்டவில்லையே. ஓ, ஓட்டலா. இந்த ஓட்டலில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இனாம், நமக்குத்தான் காபிக்கு யானை விலை. எவ்வளவு நேரம் நிறுத்துவான்? இருபது நிமிஷமா?

மணி என்ன தம்பி?

மூன்றேகாலா! இருபது நிமிஷம் இங்கே போனால், இங்கிருந்து புது பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து பாளையங்கோட்டை... நல்லதுதான். தாமதமாகட்டும் என்றுதானே நானும் சொன்னேன். மரகதம் கொஞ்ச நேரம் பார்ப்பாள். அப்புறம் வந்திருக்கிற பெரிய மனுஷர்களில் எவனையாவது கூப்பிட்டுத் திறக்கச் சொல்வாள். எவனாவது வருவான், அவனுக்கு என்ன தெரியும்? 'மழலை உள்ளம்' என்று அரை மணி நேரம் பேசுவான். அப்புறம் 'அமரர்' என்பான். அமரர் கோமதிநாயகம்.

கொஞ்சம் வழி விடுங்கள் தம்பி. இல்லை, காபி வேண்டாம். டிரைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

டிரைவர் தம்பி, உட்காருங்கள், எழுந்திருக்க வேண்டாம். சாப்பாட்டு நேரம் தொழிலாளியின் உரிமை. நான் அதற்காக ஜெயிலுக்குப் போனவன். உங்கள் உரிமையை நான் கேள்வி கேட்கவில்லை. இருந்தாலும் அந்தப் பரோட்டாவைப் பொட்டலம் கட்ட முடியுமா என்று மட்டும்... என்ன சொன்னீர்கள்? முதலாளி கையாளா? நானா? கண்டக்டர், நீங்கள் சிரிக்காதீர்கள்! சரி, சரி, முதலாளி கையாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோபமில்லை. பேசித் தீர்ப்போம். நீங்கள் இருபது நிமிஷம் என்கிறீர்கள், நான் ஐந்து என்கிறேன். பத்தா? பத்து முடியாது தம்பி. ஏழு. ஏழில் முடித்துக்கொள்ளுங்கள், குருமாவை நான் ஊற்றுகிறேன்.

அம்மா, பிள்ளைக்கு வடை வாங்கியாகிவிட்டதா? அப்படியானால் ஏறுங்கள். மீசைக்கார ஐயா, சிகரெட்டை எறிந்துவிட்டு ஏறுங்கள். அவசரமா? எனக்குத்தான் அவசரம். பாளையங்கோட்டையில் என் தோழருக்குப் படத்திறப்பு. நான்தான் திறக்க வேண்டும், நான்தான், வேறு எவனும் இல்லை. நாற்பது வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறார், இன்னும் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? ஏறுங்கள், ஏறுங்கள்.

தம்பி, நீங்கள் ஏன் அப்படியே நிற்கிறீர்கள்? நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? அந்தப் பக்கம் இரண்டு பேர் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். டிரைவர் கை கழுவிவிட்டார்.

கண்டக்டர், விசிலைக் கொடுங்கள். கொடுக்கமாட்டீர்களா? வேண்டாம். எனக்கு எதற்கு விசில்?

ரைட்! போகலாம், ரைட்!